புல்லட் ரயில் விவாதம்: காலியாகும் பழைய தடம் யாருக்கு?

மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே 508 கிலோமீட்டர் அதிவேக ரயில் தடம். 2017 செப்டம்பர் 14 அன்று பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அகமதாபாத்தில் இதற்கு அடிக்கல் நாட்டினார்கள். பதினைந்து நாள் கழித்து, செப்டம்பர் 29 காலை, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு புறநகர் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ‘ஒரு நடைமேம்பாலத்தை அகலப்படுத்த முடியாத ரயில்வேக்கு புல்லட் ரயில் எதற்கு?’ என்று அன்றைக்கே கேட்டார்கள். இன்றுவரை அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவேதான் இந்த விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தரப்புக்குப் பெருமை, இன்னொரு தரப்புக்குக் கோபம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தடம் தேவையா இல்லையா என்று சொல்ல இந்த இரண்டும் போதாது. ரயில் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றிச் சில அடிப்படை விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

எது அதிவேக ரயில்?

வந்தே பாரத் அதிவேக ரயில் இல்லை. சென்னை பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான அந்த வண்டியை மணிக்கு 180 கிலோமீட்டர் வரை ஓடுகிற மாதிரி வடிவமைத்தார்கள். ஓட்ட அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 160. அந்த வேகத்தைத் தாங்கும் தண்டவாளம் நாட்டில் கொஞ்ச தூரம்தான் இருக்கிறது. பெரும்பாலான வழித்தடங்களில் அது 130ஐத் தாண்டுவதில்லை. உலக வழக்கில், புதிதாகப் போட்ட தடத்தில் 250 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் ஓடினால்தான் அதிவேக ரயில் என்று கணக்கு. மும்பை–அகமதாபாத் தடத்தில் திட்டமிட்டிருக்கும் வேகம் 320.

வண்டியை மட்டும் மாற்றிவிட்டு 130இலிருந்து 320க்குப் போக முடியாது. 320 வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 89 மீட்டர் ஓடிவிடும். தண்டவாள ஓரத்தில் நிற்கும் சிக்னலைக் கண்ணால் பார்த்து ஓட்டுவது நடக்காத காரியம். சிக்னல் தகவல் லோகோ பைலட்டின் முன்னால் உள்ள திரைக்கே வந்தாக வேண்டும். பிரேக் போட்டால் வண்டி நிற்பதற்குச் சில கிலோமீட்டர் ஆகும். எனவே லெவல் கிராசிங் கூடாது, மாடு மேய்ந்துகொண்டு குறுக்கே வரக் கூடாது, ஆள் கடக்கக் கூடாது. வளைவுகள் பல கிலோமீட்டர் ஆரத்தில், வளைவு என்றே தெரியாத அளவுக்கு விரிந்திருக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேறு இருக்கிறது: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

ஆக, அதிவேக ரயில் என்றாலே புதுத் தடம். புதுத் தடம் என்றால் நிலம், பாலம், சுரங்கம், கடன். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

தடம் நிரம்புவது எப்படி?

ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ‘இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்’ என்கிறார் ஒருவர். ‘அவ்வளவு அவசரம் யாருக்கு?’ என்கிறார் மற்றவர். எனக்கு வேகத்தைவிட முக்கியமாகப் படுவது, ஒரு தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் விட முடியும் என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

100 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இரட்டைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். போக ஒரு தடம், வர ஒரு தடம். எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் ஓடினால் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மணிக்கு ஆறு வண்டி விடலாம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சரக்கு ரயில் ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மறுமுனை போய்ச் சேர இரண்டு மணி நேரம். அடுத்து வரும் எக்ஸ்பிரஸுக்கு வேகம் 100. ஒரு மணி நேரத்தில் போய்விடும். எக்ஸ்பிரஸ் நடுவழியில் சரக்கு ரயிலின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகாமல் இருக்க வேண்டுமானால், சரக்கு ரயில் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் எக்ஸ்பிரஸை விட முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் போயிருக்க வேண்டிய ஐந்தாறு வண்டிகளின் இடம் வீணாகிவிட்டது.

வீணாக்க மனமில்லை என்றால் மெதுவான வண்டியை வழியில் லூப் லைன் எனும் பக்கத் தடத்தில் ஒதுக்கிப் போட வேண்டும். பாசஞ்சர் வண்டியில் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுவிடும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்கள் இறங்கி நடைமேடையில் உலாத்துவார்கள், தண்ணீர் பிடிப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த தடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போகும். அதற்கப்புறம்தான் நம் வண்டிக்கு சிக்னல் கிடைக்கும். நிரம்பி வழிகிற ஒரு பழைய தடத்தில் புதிதாக ஒரு வேகமான வண்டியை விடும்போதெல்லாம், அதற்கான நேரத்தை ஏதோ ஒரு மெதுவான வண்டியின் பயணிகள்தான் கொடுக்கிறார்கள். குறைந்த கட்டணம் கொடுத்து ஏறியவர்கள் அவர்கள்.

அதிவேக ரயிலுக்கான வலுவான வாதம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. வேகமான வண்டிகளைத் தனித் தடத்துக்குக் கொண்டுபோனால், பழைய தடத்தில் மற்ற வண்டிகளின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகிறது. கூடுதல் வண்டிகளுக்கு இடம் கிடைக்கிறது.

ஜப்பான் அப்படித்தான் ஆரம்பித்தது. 1950களில் டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் டோக்காய்டோ பாதை திணறிக்கொண்டிருந்தது. நாட்டின் ரயில் போக்குவரத்தில் நான்கில் ஒரு பங்கு அந்த ஒரு பாதையில்தான் ஓடியது. அதுவும் 1,067 மில்லிமீட்டர் குறும்பாதை. ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜியும் பொறியாளர் ஷிமா ஹிடியோவும் 1,435 மில்லிமீட்டரில் தனியாக ஒரு புதுத் தடம் போடலாம் என்றார்கள். கார், விமான யுகத்தில் ரயிலுக்கு இவ்வளவு செலவா என்று பலமான எதிர்ப்பு. சுமார் 20,000 கோடி யென் என்று மதிப்பிட்ட செலவு, முடியும்போது கிட்டத்தட்ட 38,000 கோடி யென்னில் வந்து நின்றது. பொறுப்பேற்று இருவரும் 1963இல் பதவியை விட்டுப் போனார்கள். 1964 அக்டோபர் 1 அன்று நடந்த தொடக்க விழாவுக்கு அவர்களை அழைக்கவில்லை. இன்று அதே தடத்தில் நெரிசல் நேரத்தில் மணிக்குப் பன்னிரண்டு நொசோமி வண்டிகள் வரை ஓடுகின்றன; அந்தத் தடத்தின் மிக வேகமான வண்டிகள் அவை. ரயில் தடம் புரண்டோ மோதியோ, ஷின்கான்சென் எனப்படும் ஜப்பானிய அதிவேக ரயிலின் பயணி ஒருவர்கூட இறந்ததில்லை.

இதை மட்டும் படித்தால் எதிர்த்தவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று தோன்றும். அது சரியில்லை. முதல் தடம் லாபம் கொடுத்ததும் ஒவ்வொரு மாகாணத்து அரசியல்வாதியும் தன் ஊருக்கும் ஒன்று கேட்டார். ஆள் குறைந்த பகுதிகளுக்கும் தடங்கள் திட்டமிடப்பட்டன. இதுவும் வேறு பல காரணங்களும் சேர்ந்து, 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது அதன் கடன் சுமார் 37 லட்சம் கோடி யென்னாக இருந்தது. டோக்கியோ–ஒசாகா போன்ற இன்னொரு ஜோடி நகரம் ஜப்பானிலேயே கிடையாது.

மும்பை–அகமதாபாத் கணக்கு

தொலைவு என்று பார்த்தால் இது சரியான தடம். 200 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பேருந்தும் காரும் போதும். 800ஐத் தாண்டினால் விமானம் ஜெயிக்கும். நடுவில் உள்ள தொலைவில்தான் அதிவேக ரயில் ஜெயிக்கிறது. தைவானில் 2007இல் அதிவேக ரயில் வந்தது. தைபேக்கும் காவ்சியூங்குக்கும் இடையிலான விமானங்கள் 2012க்குள் நின்றேபோயின. மும்பை–அகமதாபாத் ரயில் குறைந்த நிறுத்தங்களுடன் 2 மணி 7 நிமிடத்தில் போகும் என்கிறார்கள். எல்லா நிலையங்களிலும் நின்று போனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

இரண்டு முனைகளை மட்டும் பார்க்கக் கூடாது. விமானம் மும்பையையும் அகமதாபாத்தையும் மட்டுமே இணைக்கும். இந்தத் தடத்தில் மும்பையை அடுத்த தானே நகரம், வாபி, சூரத், பரூச், வதோதரா என்று மொத்தம் 12 நிலையங்கள். 12 நிலையங்கள் என்றால் 66 ஜோடி ஊர்கள். சூரத்தின் வைர வியாபாரி காலையில் மும்பை போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்பதற்குத்தான் உண்மையான மதிப்பு இருக்கிறது.

இனி எதிர்வாதம். டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரனே 2018இல், புல்லட் ரயில் வசதி படைத்தவர்களுக்குத்தான் பயன்படும், சாதாரண மக்களுக்கு எட்டாது என்றார். நாட்டுக்குத் தேவை சுத்தமான, பாதுகாப்பான, வேகமான நவீன ரயில் அமைப்பு என்பது அவர் கருத்து. ரயில் கட்டுமானத்தில் அவருக்கு இணையான அனுபவசாலி நாட்டில் இல்லை; அந்தக் குரலை முன்னேற்றத்தின் எதிரி என்று ஒதுக்கிவிட முடியாது.

பணக் கணக்குக்கு வருவோம். ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு சுமார் 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன்: வட்டி 0.1 சதவீதம், 50 ஆண்டுத் தவணை, முதல் 15 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். கேட்க இனாம் போல இருக்கிறது. ஆனால் கடன் யென்னில் இருக்கிறது. ரூபாய்க்கு எதிராக யென் ஏறினால் சுமையும் ஏறும். வண்டியும் சிக்னலும் ஜப்பானியத் தொழில்நுட்பமாக இருக்க வேண்டும் என்பதும் அப்போதைய பேரத்தின் ஒரு பகுதி. இந்தப் பணத்தை வைத்து எத்தனை நடைமேம்பாலம் கட்டியிருக்கலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இந்தக் கடனை நடைமேம்பாலத்துக்கு யாரும் தந்திருக்க மாட்டார்கள் என்பதுதான். ரயில்வேக்கு ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து ஓர் ஆண்டுக்கே சுமார் இரண்டரை லட்சம் கோடி மூலதனம் போகிறது. நடைமேம்பாலம் கட்டப் பணமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டாததற்குக் காரணம் அக்கறையின்மை. எதிர்ப்பாளர்களின் கோபத்தில் எனக்கு உடன்பாடு உண்டு, அவர்களுடைய கூட்டல் கழித்தலில் இல்லை.

வரவுப் பக்கம்தான் இடிக்கிறது. ஐஐஎம் அகமதாபாத் பேராசிரியர்கள் 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: 300 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய் கட்டணம் என்றால், கடனை அடைக்க ஒரு நாளைக்கு 88,000 முதல் 1,18,000 பேர் வரை ஏற வேண்டும். திட்டத்தின் சொந்த மதிப்பீட்டின்படி தொடக்கத்தில் எதிர்பார்த்தது ஒரு திசைக்கு 17,900 பேர், இரண்டு திசையும் சேர்த்தால் 36,000க்கும் குறைவு. நடுவில் உள்ள இடைவெளியை ஏதோ ஒரு கட்டத்தில் அரசு நிரப்ப வேண்டியிருக்கும். சாலைக்கும் துறைமுகத்துக்கும் அரசு பணம் போடுகிறது, ரயிலுக்கும் போடட்டும், அது தப்பில்லை. ஆனால் இது தானே சம்பாதித்துக் கடனை அடைத்துவிடும் என்று சொல்லி மக்களிடம் விற்பது தப்பு.

நிலம் அதைவிடக் கடினமான விஷயம். விவசாய நிலத்தை இரண்டாகக் கிழிக்காமல் இருக்க, 508 கிலோமீட்டரில் 460க்கு மேல் தூண்களின்மேல் போகிறது. 40 மீட்டர் நீளமும் சுமார் 970 டன் எடையுமுள்ள கான்கிரீட் கர்டரை (பால உத்தரத்தை) அப்படியே முழுசாகத் தூக்கி இரண்டு தூண்களுக்கு நடுவே உட்கார வைக்கும் ராட்சத எந்திரங்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. மும்பைப் பக்கம் 21 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 7 கிலோமீட்டர் தானே நகரக் கழிமுகத்துக்கு அடியில். அப்படியும் தூண் ஊன்ற நிலம் வேண்டுமே. குஜராத் விவசாயிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இழப்பீடு போதாது என்று உயர் நீதிமன்றம் போனார்கள். 2019இல் மனுக்கள் தள்ளுபடியாயின. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஆதிவாசி கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2022, 2023 என்று சொன்ன கெடுக்கள் எல்லாம் கடந்துபோய்விட்டன.

பால்கர் ஆதிவாசி இந்த ரயிலில் ஏறப் போவதில்லை. அவர் நிலத்தின்மேல் அது பறந்து போகும். ‘நாட்டு வளர்ச்சி’ என்ற ஒரு பதிலை வைத்து அவரிடம் பேச முடியாது. சந்தை விலைக்கு மேல் எவ்வளவு, எப்போது, வேறு நிலம் எங்கே என்று முதலிலேயே பேசியிருக்க வேண்டும். ‘வழக்கு போட்டுத் தாமதப்படுத்துகிறார்கள்’ என்று குறைபடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பாதை அகலமும் மஞ்சள் கல்லும்

செய்திகளில் அதிகம் அடிபடாத ஒரு தொழில்நுட்ப விஷயம், தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். புல்லட் ரயில் தடம் 1,435. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. பிரான்சில் டிஜிவி எனும் அதிவேக வண்டி நகரத்துக்குள் பழைய தண்டவாளத்திலேயே நுழைந்து பழைய நிலையத்திலேயே நிற்கும். புதுத் தடம் முடிகிற இடத்துக்கு அப்பாலும் பழைய பாதையில் தொடர்ந்து போகும். இதனால் நகருக்குள் இடிப்பும் சுரங்கமும் குறைந்தன. தடம் போடாத ஊர்களுக்கும் பயன் கிடைத்தது. ஸ்பெயினின் பழைய பாதையும் நம்முடையதைப் போல அகலமானது, 1,668. அவர்கள் புதுத் தடத்தை 1,435இல் போட்டு, ஓடிக்கொண்டே சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்ளும் வண்டிகளை விட்டார்கள். இந்தியா தனித்து நிற்கும் தடத்தைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்புக்கு அது நல்லது. குறுக்கே சரக்கு ரயில் வராது. ஆனால் அதன் பலன் அந்த 12 நிலையங்களோடு நின்றுவிடும்.

கேரளத்தில் சில்வர்லைன் திட்டம் சிக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கிலோமீட்டர், வேகம் 200, மதிப்பீடு 63,940 கோடி, அதுவும் 1,435 அகலம். 2022இல் அளவைக்காக வீட்டு முற்றங்களில் திட்டத்தை நடத்தும் கே-ரயில் நிறுவன அதிகாரிகள் மஞ்சள் கல் நட்டார்கள். பின்னாலேயே ஊர்க்காரர்கள் பிடுங்கி எறிந்தார்கள். வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு மாநிலத்தில், வரைபடத்தில் போட்ட கோடு ஒருவருடைய கிணற்றடி வழியாகவே போகும். பேச்சுவார்த்தைக்கு முன்னால் கல் வந்துவிட்டது.

பழைய தடத்தில் என்ன ஓடும்?

அதிவேக ரயில் வந்தால் பழைய தடத்தில் இடம் காலியாகும் என்றேன். அது யாருக்குப் போகும் என்று எந்த அறிவிப்பிலும் யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முழு விவாதத்தின் மையம். மும்பை–அகமதாபாத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதே திசையில் மும்பை அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து டெல்லி அருகே உள்ள தாத்ரி வரை 1,500 கிலோமீட்டர் சரக்கு ரயில் தனித்தடமும் ஜைக்கா கடனில் போடப்பட்டு, அதன் பெரும் பகுதி திறந்துவிட்டது. மெதுவான சரக்கு ரயில்கள் அதற்குப் போய்விட்டாலே பழைய தடம் வெகுவாக மூச்சு விடும். புல்லட் ரயில் இல்லாமலே பாதி வேலை முடிகிறதே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலசோர் அருகே சிக்னல் இணைப்பில் நேர்ந்த தவறால் லூப் லைனுக்குத் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயில்மேல் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளில் நின்றுகொண்டு வந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூட ரயில்வேயிடம் கிடையாது. இந்தியாவில் ரயில் ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஏசி பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஒரு புதுத் தடத்தால் அவர்களுக்குக் கிடைக்கப்போவது அவர்கள் ஏறாத வண்டியில் இல்லை, அவர்கள் ஏறும் தடத்தில்தான் இருக்கிறது.

நிரம்பி வழிகிற பழைய பாதைக்குப் பக்கத்தில், சரியான தொலைவில் இரண்டு பெரிய நகரங்கள் இருந்தால் அதிவேகத் தடம் போடலாம் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் திட்ட அறிக்கையிலேயே பழைய தடத்தின் புது கால அட்டவணையும் இருக்க வேண்டும்: இத்தனை பாசஞ்சர் வண்டிகள் கூடும், இத்தனை முன்பதிவில்லாப் பெட்டிகள் சேரும், இன்ன ஊருக்கு இத்தனை மணிக்கு என்று. அது இல்லாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

சென்னை–பெங்களூரு–மைசூரு, 435 கிலோமீட்டர், தேசிய அதிவேக ரயில் கழகம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடங்களில் ஒன்று. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத்திலேயே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியே அந்தப் பாதை எவ்வளவு நெருக்கடியானது என்று தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். நகர அளவு, தொலைவு, நெரிசல் மூன்றும் பொருந்துகிற தடம்தான். நிலையம் சென்னைக்குள் வருமா, ஊருக்கு வெளியே வருமா? ராணிப்பேட்டை, வேலூர்க்காரர்களுக்கு நிறுத்தம் உண்டா, தூண் மட்டும்தானா? காட்பாடியில் காலை ஏழு மணிக்கு நிற்க இடமில்லாமல் தொங்குகிற கூட்டத்துக்குப் பழைய தடத்தில் எத்தனை வண்டி கூடுதலாக வரும்? நிலம் அளக்க ஆள் வருவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை.

குஜராத்தில் சூரத்தை ஒட்டிய பகுதி 2027இல் முதலில் திறக்கும் என்று ரயில்வே அமைச்சர் அறிவித்திருக்கிறார். அன்றைக்கு எல்லா கேமராக்களும் புது ரயிலின் வேகத்தைத்தான் காட்டும். நான் அதே வாரத்தில் சூரத்–வாபி பழைய தடத்தின் கால அட்டவணையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.